கழுதைக்காரக் கிழவர் முதலில்தான் சாக வேண்டும்

மகனே, நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்டு நேரத்தை வீணாக்கப் போவதில்லை. கழுதைப் புத்தகங்களை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று கொழும்பில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே பாடம் எடுக்கிறவனுக்கு உடம்புக்கு என்ன கேடு வந்திருக்கப் போகிறது? இணையத்தில் நீ எழுதியதை உன் மாமா மகள் தன் போனில் எடுத்துக் காட்டினாள். பெருமையாகத்தான் காட்டினாள், பாவம். "அத்தை, நம்ம அத்தான் எழுதினது, எவ்வளவு பேர் வாசிச்சிருக்காங்க பாருங்க" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். நீ ஊரறிய எழுதினாய், அதனால் நானும் ஊரறியத்தான் பதில் எழுதுகிறேன். இதையும் அவளே தட்டிப் போடுவாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அம்மா இப்படிச் சந்தியில் நின்று சத்தம் போடலாமா என்று நீ கேட்பாய். போடலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

உன் பக்கத்தைப் பார்க்காத புண்ணியவான்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது இங்கிலீஷ் நாவல்கள். எல்லாம் சிரிப்புக் கதைகள், எல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியவை. ஒரு கிராமம், அதில் மழை பெய்தால் அறைக்கு அறை பாத்திரம் வைக்க வேண்டிய ஒரு பெரிய வீடு, அந்த வீட்டில் பருத்த கிழவர் ஒருவர், அவருக்கு ஒரு கழுதை. கிழவர் போகிற இடமெல்லாம் கழுதையும் போகும். தேவாலயத்துக்குப் போனால் பாதிரியாரின் தொப்பியைத் தின்னும், கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண்ணின் பூச்செண்டைத் தின்னும். கிழவரின் தங்கை ஒருத்தி, கழுதையை விற்றே ஆக வேண்டும் என்று ஒன்பது புத்தகத்திலும் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. இதற்குப் போய் நீ வரைபடம் போட்டிருக்கிறாய். அம்புக்குறி வேறு. வெளிவந்த வரிசை நீலத்தில், கதை நடக்கிற வரிசை சிவப்பில், புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கான வரிசை பச்சையில். கீழே ஆட்கள் நான்காவதை மூன்றாவதுக்கு முன்னால் வாசிக்கலாமா கூடாதா என்று அடித்துக்கொள்கிறார்கள். கனடாவிலிருந்து ஒரு மனிதர், தெரியாமல் ஆறாவதை முதலில் வாசித்துவிட்டேன், இனி என்ன செய்வது என்று உன்னை 'ஐயா' போட்டுக் கேட்கிறார். நீயும் பெரிய டாக்டர் மாதிரி, உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்று மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறாய். கழுதை தொப்பி தின்பதில் என்னடா முன்பின் இருக்கிறது? பசித்தால் தின்னும்.

அதோடு நீ நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறாய்? ஒன்பதாவது நாவலில் கிழவர் இறந்துபோகிறார், ஆகவே அதைக் கடைசியில்தான் வாசிக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, "மலையகத்தில் சில வீடுகளில் அதையே முதலில் வாசித்த கூத்தும் நடந்திருக்கிறது. விவரம் தெரியாதவர்கள்" என்று முடித்திருக்கிறாய். சில வீடுகளாம்! பதுளையிலிருந்து தெமோதரை வரைக்கும் எத்தனை வீட்டில் கழுதைப் புத்தகம் வாசித்தார்கள்? ஒரே ஒரு வீட்டில். அந்த வீட்டில் ஒரே ஒரு மனிதர் வாசித்தார், நீ அவர் மடியில் உட்கார்ந்து கேட்டாய். உன் அப்பாவை விவரம் தெரியாதவர் என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது, 'என் அப்பா' என்று எழுதத்தான் வரவில்லை. இது போதாதென்று போன வாரம் போனில் எனக்கு உத்தரவு போடுகிறாய். "அம்மா, அந்த ஒன்பது புத்தகத்தையும் அனுப்பிடுங்க. முதுகுல ஒட்டியிருக்கிற பழைய நம்பரையெல்லாம் தண்ணி தொட்டு உரிச்சிடுங்க. புது வீட்டுல ஷெல்ஃப் செஞ்சிருக்கு, சரியான வரிசையில அடுக்கணும்." நான் 'ம்' என்றேன். நான் 'ம்' என்றால் சரி என்று அர்த்தமில்லை என்பது இத்தனை வயதாகியும் உனக்குத் தெரியவில்லை. அந்த எண்களை உரிப்பதா வேண்டாமா, இதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதி. வேறு எதுவும் இல்லை.

அந்த எண்கள் எப்படி வந்தன என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ சபையில் சொல்ல வெட்கப்படுகிற விஷயம் இது. உன் அப்பா தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் மார்க்கர். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று யாருக்கு எத்தனை புள்ளி என்று உரக்கச் சொல்லுகிற வேலை. பந்து பொறுக்குவது, கோலுக்குச் சுண்ணக்கட்டி தடவிக் கொடுப்பது, மூலையில் இருந்த புத்தக அலமாரியைத் தூசி தட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி. கொழும்பில் உன் சிநேகிதர்களிடம் அப்பா ஒரு கிளப்பில் 'நூலகப் பொறுப்பாளராக' இருந்தார் என்று நீ சொல்லியிருக்கிறாயாம், நீ கட்டப் போகிற ஷாமினிதான் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மார்க்கர் என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரர் போய் நம் நிறத்துத் துரைமார் வந்திருந்தார்கள். நிறம்தான் மாறியிருந்தது, சட்டம் மாறவில்லை. அதில் ஒரு சட்டம், துரைமார் சிரிக்கும்போது வேலைக்காரர் சிரிக்கக் கூடாது என்பது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சிரித்த ஒரு பையனை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். உன் அப்பா வருடக்கணக்காகச் சிரிப்பை விழுங்கிப் பழகியவர். ஒருநாள் சின்னத்துரை ஒருவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாராம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாராம். உன் அப்பா கையில் தட்டோடு பக்கத்தில் மரம் மாதிரி நின்றிருக்கிறார். "அந்தாளு என்னாத்தை வாசிச்சு அப்பிடிச் சிரிக்கிறான்னு தெரியாம எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு" என்று என்னிடம் சொன்னார். மனிதருக்கு எதற்கெல்லாம் வயிறு எரிகிறது பார்.

பிறகு கிளப்பின் கூரை ஒழுகியது. ஒழுகிய கூரையைப் பார்ப்பதற்குப் பதிலாக, அலமாரியைத் தூக்கிவிட்டு டீவி வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள் அந்த மகா மேதைகள். "குப்பையையெல்லாம் எரிச்சிடு மார்க்கர்" என்றார்கள். மற்றவற்றை அவர் எரித்தாரோ என்னவோ, சின்னத்துரையைச் சிரிக்க வைத்த இந்தக் கழுதைக் கதை ஒன்பதையும் ஒரு தேயிலைக் கொழுந்துச் சாக்கில் கட்டி, கிளப்புக்குப் பின்னால் நாம் குடியிருந்த குவாட்டர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நனைந்த கோழி மாதிரி இருந்தன. நான் அவற்றை அடுப்புக்கு மேலே அடுக்கிக் காயவைத்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் கிளப்பின் எண் ஒட்டியிருந்தது. வந்து சேர்ந்த வரிசையில் ஒட்டிய எண். லீவில் சீமைக்குப் போய் வந்த வெள்ளைக்காரத் துரை யாரோ அப்போது புதிதாக வந்திருந்த கடைசி நாவலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அதற்கு ஒன்றாம் எண். அதை வாசித்துச் சிரித்தவர்கள் பழையவற்றை அங்கே இங்கே தேடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அவை மற்ற எண்கள். இப்படித்தான் கிழவர் செத்துப்போகிற புத்தகத்துக்கு முதலாம் எண் விழுந்தது.

திங்கட்கிழமை கிளப் மூடியிருக்கும். திங்கட்கிழமை பிற்பகல், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உன்னை மடியில் போட்டுக்கொண்டு அவர் ஒன்றாம் எண்ணைத் திறந்தார். மனதுக்குள் இங்கிலீஷில் வாசித்து வாயால் தமிழில் சொல்வார். அதுவும் எப்படி? பில்லியர்ட்ஸ் புள்ளி சொல்லுகிற அதே குரலில், முகத்தில் ஒரு நரம்பு அசையாமல். "கழுதை தொப்பியைத் தின்றது. பாதிரியார் கழுதையைப் பார்த்தார். கழுதை பாதிரியாரைப் பார்த்தது." நீ சிரித்துச் சிரித்து மடியிலிருந்து உருண்டு விழுவாய். நான் பரீட்சைத் தாள் திருத்துகிற பாவனையில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பேன். வாரம் முழுக்க விழுங்கிய சிரிப்பை அந்த மனிதர் எங்கள் இருவர் வாய் வழியாகத்தான் வெளியே விட்டார் என்று இப்போது தோன்றுகிறது. சில வாரம் கழித்து அந்தப் புத்தகம் முடிந்தது. கிழவர் தூக்கத்தில் செத்துப்போனார். ஊர்வலத்துக்கு முன்னால் கழுதை நடந்து போனது. நீ விக்கி விக்கி அழுதாய், அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றாய். "கழுதை இனிமே தனியா என்னா செய்யும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவரும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், நீ கேட்பதாக இல்லை.

அடுத்த திங்கள் இரண்டாம் எண். முதல் வரியிலேயே கிழவர் வெறுங்காலோடு மாடியில் நின்றுகொண்டு, என் சப்பாத்து எங்கே என்று வீடு அதிரக் கத்துகிறார். நீ மடியிலிருந்து துள்ளி எழுந்தாய். "அப்பா! அவரு செத்துட்டாரே!" உன் அப்பா புத்தகத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அதே புள்ளி சொல்லுகிற குரலில், "சாகல. லீவுல போயிருந்தாரு. லீவு முடிஞ்சு வந்துட்டாரு" என்றார். "பெட்டியில வச்சாங்களே?" என்றாய். "சீமைக்குப் போறதுன்னா பெட்டியிலதான் போகணும்" என்றார். உனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. ஏன் விளங்காது? வெள்ளைக்காரத் துரை ஆறு மாத லீவில் ஊருக்குப் போகும்போது தோட்டமே வரிசையில் நின்று மாலை போட்டதையும், பெண்கள் செத்த வீடு மாதிரி அழுததையும், பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்கியதையும், இனி வரவே மாட்டார் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது ஒரு காலையில் இன்னும் பருத்துப்போய்த் திரும்பி வந்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று ஏசியதையும் இங்கே கேட்காத பிள்ளை உண்டா? உன் கனடாக்காரருக்கு இது விளங்காது. நான்தான் குறுக்கே விழுந்தேன். "ஏங்க, புள்ளைகிட்ட என்னா பொய் இது?" என்றேன். "டீச்சரம்மா, இது ஒங்க பாடப்புத்தகம் இல்ல, பேசாம தாளைத் திருத்துங்க" என்றார். நீ போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மேலே வாசிங்கப்பா என்றாய்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் இருக்கக் கூடாதாம், அதனால் இடையில் ஒன்று சொல்லி வைக்கிறேன். பெண்டாட்டி எதையாவது சொல்லும்போது, அது அப்படி இல்லை, அதற்கு முன்னால் இது நடந்தது என்று திருத்துகிற வியாதி உனக்கு இருக்கிறது. நிச்சயதார்த்தத்தில் பார்த்தேன். நீங்கள் இருவரும் சந்தித்த கதையை அந்தப் பிள்ளை எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்ல ஆரம்பித்தது. மழை பெய்தது என்றாள். மழை அதற்கு மறுநாள்தான் பெய்தது என்றாய். பஸ்ஸில் என்றாள். பஸ் இரண்டாவது தடவை, முதல் தடவை ரயில் என்றாய். கடைசியில் அவள் கதையை விட்டுவிட்டு வடையை எடுத்துக் கடித்தாள். சரியாகச் சொன்னாய், சரிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கதை செத்துப்போய்விட்டது. உன் மாமா, என் அண்ணன், தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தாரே, அவருக்கும் இதே வியாதிதான். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் திருத்தினார். இப்போது வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போகிறார்கள், அவர் மகள் உட்பட. அவள் இதைத் தட்டும்போது சிரிப்பாள் என்று நினைக்கிறேன்.

இனி நீ கேட்க விரும்பாத பகுதி. ஒன்பதாம் எண் முடிந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, பாதி வழியில் உன் அப்பாவுக்கு நெஞ்சில் தண்ணீர் கோத்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தோம். ஆள் பாதியாகிப்போனார். வீட்டுக்குக் கூட்டிப்போவது நடக்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்று பார்வை நேரத்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். உனக்கு எட்டு வயது. கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, அதே புள்ளி சொல்லுகிற குரலில், "அப்பா லீவுல போறேன்" என்றார். "ஆறு மாசம். கூடப் போனாலும் போகும். பெட்டியில வச்சு அனுப்புவாங்க, பயப்படாத. ஒங்கம்மா அழுவா, அதெல்லாம் வழக்கம்." நீ, "சப்பாத்தை எடுத்து வைக்கவாப்பா?" என்று கேட்டாய். "வை, வந்து கத்துவேன்" என்றார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிலோடு கவிழ்த்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஒரு சின்னப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது?

சாவு வீட்டில் நீ அழவில்லை. நீயே அழ வேண்டாம் என்று மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னாய். உன் மாமா குவாட்டர்ஸில்தான் பெட்டியை வைத்திருந்தோம், ஏனென்றால் பிணத்தைக் கிளப் வளவுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அந்தப் பெரிய மனிதர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு அழுத பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய், "அழாதீங்க, லீவுதான், வந்துருவாரு" என்றாய். சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். என் அண்ணன் எழுந்து வந்தார். "அப்பன் செத்துக் கெடக்குறான், பல்லைக் காட்டுறான் பாரு மார்க்கர் மகன்" என்று உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அந்த அறை விழுந்த பிறகும் நீ அழவில்லை, உனக்குத்தான் சங்கதி தெரியுமே. சற்று நேரத்தில் உபதேசியார் வந்தார். ஜெபம் செய்தார். இவர் மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறார், ஒருநாள் எழுந்து வருவார் என்று சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டு, பிளேன்டீ கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினார். நீயும் அதைத்தானடா சொன்னாய்? அவருக்கு டீ, உனக்கு அறை. அன்றைக்கு என் அண்ணன் மீது எனக்கு விட்டுப்போன மரியாதை இன்று வரைக்கும் திரும்பி வரவில்லை. அவருக்கும் அது தெரியும்.

ஆறு மாதம் நீ காத்திருந்தாய். சப்பாத்தைத் துடைத்துத் துடைத்து வாசலில் வைத்தாய். நாம் பதுளை டவுனுக்குக் குடிவந்த பிறகும் அதைக் கொண்டுவந்து வைத்தாய், பழைய வீட்டுக்குப் போய்த் தேடுவார் என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் புது விலாசத்தைச் சொன்னாய். பிறகு புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு இங்கிலீஷ் மாஸ்டரிடம் அந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் காட்டினாய். அந்த அறிவாளி முன்பக்கத்தைத் திருப்பி, வெளிவந்த வரிசையில் அச்சடித்திருந்த பட்டியலைக் காட்டி, "தலைகீழா வாசிச்சிருக்கீங்களேடா" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சிரித்தாராம். நீ வீட்டுக்கு வந்தாய். ஒன்றாம் எண்ணை எடுத்துக் கடைசியில் செருகினாய். மற்றவற்றையும் மாற்றி அடுக்கினாய். வாசலில் இருந்த சப்பாத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். சோறு வேண்டாம் என்றாய். கழுதை தனியாக என்ன செய்யும் என்று அந்த முறை நீ கேட்கவில்லை. உன் நீலமும் சிவப்பும் பச்சையும் எங்கிருந்து வந்தன என்று கனடாக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வரிசை ஒழுங்காக இருந்திருந்தால் உன்னை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது என்று நினைக்கிறாய். இத்தனை வருடமாக அந்த ஒரு எட்டு வயதுப் பையனுக்காக ஊரெல்லாம் வரிசை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். பைத்தியக்காரா.

இப்போது கேள். அன்று ஆஸ்பத்திரியில் உன்னை வெளியே மர வாங்கில் உட்கார வைத்துவிட்டு நான் திரும்பவும் உள்ளே போனேன், அவரைப் பிடிபிடியென்று பிடிப்பதற்கு. "புள்ளை மனசுல இப்பிடி ஒரு பொய்யைப் போட்டுட்டுப் போறீங்களே, நாளைக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்? ஒங்களுக்கு வரிசையும் தெரியாது, ஒரு விவரமும் தெரியாது" என்று கத்தினேன். ஆமாம், நீ எழுதிய அதே சொல்லைத்தான் நானும் சொன்னேன், ஆனால் நான் மூஞ்சிக்கு நேரே சொன்னேன். அவர் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். கிளப்பில் இல்லை அல்லவா, அதனால் சத்தமாகவே சிரித்தார். "ஒண்ணாம் நம்பர் முன்பக்கத்துல ஒம்போது பொஸ்தகத்துப் பேரும் வரிசையா அச்சடிச்சிருக்கு. அதைப் பாக்காமலா இருப்பேன்? ரெண்டாவதைத் தொறந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. மாத்தி அடுக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா கெழவன் உசுரோட வந்து சப்பாத்து எங்கன்னு கத்துனப்ப இவன் மூஞ்சியைப் பாத்தியா நீ? அதுக்கப்புறம் எந்த மடையன் திருத்துவான்?" என்றார். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, "கடைசியில செத்தா செத்ததுதான். மொதல்லயே செத்துட்டா அப்புறம் அந்தாளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நீ அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவனிடம் வாசல்படியில் நின்று கத்தவா முடியும்? போன வாரம் நீ உத்தரவு போட்ட மறுநாள் ஷாமினி எனக்குப் போன் எடுத்தாள். "அத்தை, எனக்கும் அந்தப் புத்தகங்களை வாசிக்கணும்னு ஆசையா இருக்கு. எல்லாம் வந்து வரிசையா அடுக்கினப்புறம் ஒண்ணாவதுல இருந்து தாறேன்னு சொல்றாரு" என்றாள். பெண்டாட்டிக்கு ஒரு சிரிப்புக் கதை கொடுப்பதற்கு இவ்வளவு சடங்கு செய்கிற புருஷனை நான் கண்டதில்லை. நான் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஊரெல்லாம் வாசிக்கப் போகிற இந்தக் கடிதத்தை அவள் மட்டும் வாசிக்கக் கூடாது, ஒன்பது புத்தகமும் முடிகிறவரைக்கும். "சரி அத்தை" என்றாள். உன் வரைபடத்தையும் பார்க்கக் கூடாது என்றேன். "அதை இதுவரைக்கும் பாக்கல அத்தை" என்றாள். நல்ல பிள்ளை.

பெட்டியை நேற்று பதுளை ஸ்டேஷனில் பார்சலாகப் போட்டுவிட்டேன். உன் பேருக்கு இல்லை, ஷாமினி பேருக்கு. ஒரு எண்ணைக்கூட உரிக்கவில்லை. ஓரம் தூக்கியிருந்த இரண்டு மூன்றுக்குச் சோற்றுப் பருக்கை வைத்துப் புதிதாக ஒட்டியிருக்கிறேன், இனி நீ கத்தி போட்டாலும் வராது. அவள் ஒன்றாம் எண்ணை எடுப்பாள். சிரிப்பாள். சில நாளில் கிழவர் செத்துப்போவார், அழுவாள், கழுதை இனி என்ன செய்யும் என்று உன்னைக் கேட்டாலும் கேட்பாள். உனக்கு நாக்கு நமநம என்று அரிக்கும். வரிசை, வெளிவந்த ஆண்டு, நீலம், சிவப்பு எல்லாம் தொண்டை வரைக்கும் வரும். வாயை இறுக மூடிக்கொண்டு இரண்டாம் எண்ணை எடுத்து அவள் கையில் கொடு. கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதே, பக்கத்திலேயே உட்கார். அவள் முதல் வரியை வாசிக்கும்போது அவள் முகத்தைப் பார்.